தோற்கும்போது இரண்டு பேர், ஜெயிக்கும்போது ஒருவன்

திண்டுக்கல், பேகம்பூர் பெரிய பள்ளிவாசலை ஒட்டிய தெருவில் ஒரு டீக்கடை. தோல் ஷாப்பு வேலை விட்டு வருகிறவர்கள் சாயங்காலம் நின்று பேசும் இடம். அங்கே வைத்துத்தான் அந்தத் தம்பி தன் போனை என்னிடம் நீட்டினான். இருபத்து மூன்று வயது. டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை. நகக்கண்ணில் கிரீஸ் போகவில்லை.

"சார், இதுல என்ன போட்ருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க."

இங்கிலீஷில் நாலு வரி. அவனுடைய கணக்கும் வேறொரு கணக்கும் ஒரே ஆளுடையவை என்று தெரியவந்திருக்கிறதாம். ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்பது விதியாம். மீறியதால் இரண்டையும் மூடிவிட்டார்களாம். உள்ளே இருக்கும் தொகை திரும்ப வராதாம். உள்ளே இருந்தது 61,400 ரூபாய்.

ஒரு விமானம் மேலே ஏறிக்கொண்டே போகும், அது மறைவதற்குள் பணத்தை எடுத்துவிட வேண்டும் என்கிற ஆட்டம். முதல் ஐடி அவனுடைய நம்பரில். இரண்டாவது, அவன் அம்மாவின் நம்பரில். அம்மா நூல் மில்லில் வேலை பார்க்கிறார். அந்த யோசனையைச் சொன்னதே வாட்ஸ்அப்பில் வந்த ஏஜென்டுதான். வீட்டில் வேறு நம்பர் இருந்தால் அதிலும் ஒரு ஐடி போடு, புது ஐடிக்கு போனஸ் உண்டு என்றானாம். நாலு மாதத்தில் இரண்டு ஐடியிலுமாக 38,000 ரூபாய் போயிருக்கிறது. ஒரு ராத்திரி மட்டும் விமானம் இவன் பக்கம் பறந்தது. விடிந்ததும் பணத்தை எடுக்கப் போனான். அப்போது வந்தவைதான் இந்த நாலு வரிகள்.

தம்பி சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

"தோத்தப்பெல்லாம் ரெண்டு ஐடியும் ஓடுச்சு சார். ஜெயிச்சப்பத்தான் ரெண்டும் ஒரே ஆளுன்னு கண்டுபிடிச்சாய்ங்க."

இதைவிடத் தெளிவாக இந்த மோசடியைச் சொல்ல முடியாது.

விதி இருப்பதில் தவறில்லை. ஒரே ஆள் இரண்டு பெயரில் ஒரே ரம்மி மேசையில் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவன் ஏமாறுகிறான். பத்துப் பெயரில் போனஸ் வாங்குவதும் ஏமாற்றுதான். கறுப்புப் பணத்தைச் சலவை செய்யவும் இதே வழி பயன்படுகிறது. ஆகவே ஒருவருக்கு ஒரு கணக்கு என்று சொல்வதற்கு நியாயம் இருக்கிறது. நான் கேட்பதெல்லாம், அந்த விதி எப்போது கண் விழிக்கிறது என்பதைத்தான். பணம் உள்ளே வரும்போது ஆதார் வேண்டாம், பான் வேண்டாம், முகம் வேண்டாம். ஒரு மொபைல் நம்பர் போதும். அதே பணம் வெளியே போகும்போது ஆதார், பான், பேங்க் பாஸ்புக், செல்ஃபி எல்லாம் வேண்டும். உள்ளே வரும் வாசலில் காவல் இல்லை. வெளியே போகும் வாசலில் மட்டும் நாலு காவலர்கள். அந்தக் காவல் யாருக்காக என்று யோசித்துப் பாருங்கள்.

விதி உண்மையானது என்றால் இரண்டாவது ஐடி போட்ட அன்றே தடுத்திருக்க வேண்டும். தடுக்கத் தவறினால், கண்டுபிடித்த அன்று போட்ட பணத்தையாவது திருப்பித் தர வேண்டும். கணக்கு செல்லாது என்றால் அந்தக் கணக்கில் அவன் தோற்ற ஆட்டங்களும் செல்லாது. வென்றது செல்லாது, தோற்றது மட்டும் செல்லும் என்பவனை எங்கள் ஊர்ச் சந்தையில் நிற்கவே விடமாட்டார்கள்.

இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையவை என்பதற்கு அவர்கள் காட்டும் சாட்சியத்தையும் பாருங்கள். ஒரே போன், ஒரே ஐபி முகவரி, ஒரே யுபிஐ. நம் ஊர் வீடுகளில் போன் ஒருத்தருடைய பொருளா? அப்பா பேசுவார், மகள் பாடம் படிப்பாள், தம்பி ஆட்டம் ஆடுவான். மொபைல் நெட்வொர்க்கில் எத்தனையோ வாடிக்கையாளர்கள் ஒரே நேரத்தில் ஒரே பொது ஐபி முகவரியில்தான் வெளியே தெரிகிறார்கள். முகவரிகள் போதாததால் நிறுவனங்களே செய்துகொண்ட ஏற்பாடு அது. அப்படியிருக்க, யாரோ இரண்டு பேரின் ஐபி ஒத்துப்போவதை வைத்து அவர்கள் ஒரே ஆள் என்று தீர்ப்பு எழுதலாம். எழுதுபவனே பணத்தையும் வைத்துக்கொள்ளலாம். குற்றம் சாட்டுபவன், சாட்சி, நீதிபதி, அபராதம் வாங்குபவன் நால்வரும் ஒரே ஆள் என்றால், அங்கே உண்மையான இரட்டைக் கணக்கு யாருடையது?

அந்தத் தம்பி நாலு மாதத்தில் பணம் அனுப்பிய யுபிஐ பெயர்களைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயர், வேறு வேறு ஊர். ஒரு நாள் ஒரு மளிகைக் கடை, மறுநாள் யாரோ ஒரு பெண். கமிஷனுக்காகத் தன் பேங்க் கணக்கை வாடகைக்கு விடுகிறவர்கள் இவர்கள். மகாதேவ் என்ற சூதாட்டச் செயலி மீதான வழக்கிலும் பணம் இப்படிப் பினாமிக் கணக்குகள் வழியாகவே ஓடியது என்று அமலாக்கத் துறை சொன்னது. தளங்களின் கதையும் இதேதான். 2022 முதல் 2025 ஜூன் வரை சூதாட்டத் தளங்களையும் செயலிகளையும் முடக்க மத்திய அரசு 1,500-க்கும் மேற்பட்ட உத்தரவுகளைப் போட்டது. இன்று முடக்கினால் நாளை அதே தளம் பெயருக்குப் பின்னால் ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டு வந்து நிற்கிறது. நூறு பேர் பெயரில் பணம் வாங்கி, பத்து முகவரியில் கடை நடத்துகிறவன், அம்மா பேரில் இன்னொரு ஐடி வைத்திருந்தவனைப் பார்த்து 'நீ இரண்டு பேர்' என்கிறான்.

வெளிநாட்டுத் தளங்கள்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். 2025 ஆகஸ்ட் 22 அன்று ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தார். திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டம் எதுவும் நாட்டில் நடக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். மூன்று மாதம் கழித்து, அந்த நவம்பரில், வின்சோ என்ற இந்திய ஆன்லைன் ஆட்ட நிறுவனத்தில் அமலாக்கத் துறை சோதனை நடத்தியது. தடை வந்த பிறகும் ஆட்டக்காரர்களின் 43 கோடி ரூபாயை நிறுவனம் திருப்பித் தராமல் வைத்திருந்தது என்பது குற்றச்சாட்டு. எதிரே ஆடுவது மனிதர் அல்ல, மென்பொருள் என்பதை ஆட்டக்காரர்களுக்குச் சொல்லாமலே ஆடவைத்தார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. நேர்மைதான் தன் அடிப்படை என்று நிறுவனம் பதில் சொன்னது. நீதிமன்றம் முடிவு செய்யட்டும். ஆனால் அந்தக் குற்றச்சாட்டு எழுப்பும் கேள்வியை இன்றே கேட்டுவைக்கலாம். ஆட்டக்காரன் இரண்டு முகத்தோடு வந்தால் மோசடி என்கிறோம். முகமே இல்லாத ஒன்றை மனிதன்போல எதிரில் உட்கார வைத்தால் அதற்கு என்ன பெயர்?

இனி கணக்குக்கு வருவோம். பகுத்தறிவு என்பது கடைசியில் கணக்குப் போட்டுப் பார்ப்பதுதான்.

ஐரோப்பிய ரூலெட் சக்கரத்தில் 37 குழிகள். ஓர் எண்ணில் 100 ரூபாய் வைத்து ஜெயித்தால், வைத்த நூறோடு சேர்த்து 3,600 ரூபாய் கைக்கு வரும். நியாயமாக 3,700 வர வேண்டும். அந்த ஒரு நூறுதான் முதலாளியின் பங்கு. சராசரியாக 37 ரூபாய் பந்தயத்துக்கு ஒரு ரூபாய். பார்க்க ரொம்பச் சின்னது. இப்போது போனஸைப் பாருங்கள். 500 ரூபாய் போனஸ் தருகிறான். அதை எடுக்க வேண்டுமென்றால் 40 மடங்கு ஆடியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதாவது மொத்தம் 20,000 ரூபாய்க்குப் பந்தயம். 37-க்கு ஒன்று என்ற கணக்கில் அதில் சராசரி இழப்பு 540 ரூபாய். கொடுத்தது 500, திரும்ப எடுப்பது 540. அதற்குப் பெயர் அன்பளிப்பு.

கணக்கே இப்படி அவர்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆனாலும் எங்கோ ஒருவன், ஒரு ராத்திரி, சராசரியைத் தாண்டி ஜெயித்துவிடுகிறான். அந்த ஒருவனுக்குத் தருவதற்கும் மனமில்லாதபோது எடுக்கும் ஆயுதம்தான் இரட்டைக் கணக்கு விதி. தோற்பவனிடம் கணிதம் எடுத்துக்கொள்கிறது. ஜெயிப்பவனிடம் விதி எடுத்துக்கொள்கிறது.

திரையில் தெரியும் பேலன்ஸ் என்பதும் நம் பணம் இல்லை, வெறும் எண். 2011-இல் உலகத்தின் பெரிய போக்கர் தளங்களில் ஒன்றான ஃபுல் டில்ட் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 39 கோடி டாலர். அதன் வங்கிக் கணக்குகளில் இருந்ததோ சுமார் 6 கோடி டாலர். இந்தக் கணக்கைச் சொன்னது அமெரிக்க நீதித் துறை. தங்கள் பணம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பித்தான் அத்தனை பேரும் தினமும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதையும் கேட்காமல் நம்புவதற்கு நம்மை யார் பழக்கினார்கள்? இந்த இடத்தில்தான் நான் சொல்லவந்ததைச் சொல்ல வேண்டும். இந்தச் செயலி நமக்குப் புதிதில்லை. இதன் வடிவம் நமக்குப் பல நூறு ஆண்டுகளாகப் பழக்கம்.

பரிகாரம் செய்யச் சொல்கிறார் ஒரு ஜோதிடர். செய்கிறோம். காரியம் நடக்கவில்லை. திரும்பப் போய்க் கேட்டால் என்ன சொல்கிறார்? விரதத்தில் குறை இருந்திருக்கும், தீட்டுப் பட்டிருக்கும், மனதில் முழு நம்பிக்கை இருந்திருக்காது. பரிகாரம் ஒருநாளும் தோற்பதில்லை. செய்தவன்தான் தோற்கிறான். கொடுத்த தட்சிணையும் திரும்பாது. செயலியும் இப்படித்தான். நாம் படிக்காத மொழியில், நாம் படிக்க முடியாத நீளத்தில் விதிகள். அவற்றுக்குப் பொருள் சொல்லும் உரிமை அவர்களுக்கு மட்டும். வரம் கிடைக்காவிட்டால் குறை நம்முடையது. சாமியையும் சகுனத்தையும் நம்பாதவர்கள்கூட அதிர்ஷ்டத்தை நம்புவதைப் பார்க்கிறேன். ராசியான நம்பர், கைராசி, நேரம் சரியில்லை என்கிறார்கள். எல்லா நம்பிக்கையையும் வீட்டை விட்டு அனுப்பிவிட்டு, இந்த ஒன்றை மட்டும் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிகிறோம்.

திண்டுக்கல்லில் எந்த மதத்து மேடையில் ஏறினாலும் சூது பாவம் என்றுதான் பேசுவார்கள். அது நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாவம் என்ற சொல்லில் ஒரு குறை இருக்கிறது. அது ஆடியவனைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எடுத்துக்கொண்டவனைப் பற்றிப் பேசுவதில்லை. பாவம் செய்தவன் தண்டனை அனுபவிக்கிறான், அவ்வளவுதான் என்று கதை முடிந்துவிடுகிறது. டீக்கடையில் நின்ற ஒரு பெரியவரும் அதைத்தான் சொன்னார். "சூதாடுனவனுக்கு வேணும்."

இந்த இரண்டு சொற்கள்தான் அந்தக் கம்பெனிக்கு நாம் இலவசமாகத் தரும் காவல். ஏமாந்தவன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வான் என்று அவர்களுக்குத் தெரியும். அந்த வெட்கத்தை உற்பத்தி செய்து கொடுப்பவர்கள் நாம். குடித்துவிட்டு ரோட்டில் கிடப்பவன் சட்டைப் பையிலிருந்து பணத்தை எடுத்தால் அது திருட்டு. அவன் குடித்திருந்தான் என்பதால் திருட்டு தர்மமாகிவிடாது. சூதாடியது தவறு. சூதாடியவனை ஏமாற்றியது வேறொரு தவறு. ஒரு தவறைக் காட்டி இன்னொன்றைக் கழித்துக்கொள்ள முடியாது.

சட்டமும் இங்கே தடுமாறுகிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் வென்றதைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது. சூதாட்டத்தை வளர்க்கக் கூடாது என்பது அதன் நோக்கம். இன்று அதன் நிழலில் ஒதுங்குபவன் சூதாட்டக்காரன் அல்ல, சூதாட்ட முதலாளி. 2022-இல் நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் தமிழ்நாடு கொண்டுவந்த தடைச் சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பல குடும்பங்கள் கண்ணீரோடு கேட்ட சட்டம் அது. வரவேற்கிறேன். ஆனால் அதில் ஆன்லைன் சூது ஆடுபவனுக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. ஏமாந்த பையன் போலீஸ் ஸ்டேஷன் படி ஏறினால், புகார் எழுதுவதற்கு முன்பே அவன் குற்றவாளி. பிறகு எப்படி ஏறுவான்? 2025-இன் மத்தியச் சட்டம் ஆடுபவனைத் தண்டிக்கவில்லை. நடத்துபவனுக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஒரு கோடி ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. குறி எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது. நம் மாநிலச் சட்டமும் அந்த இடத்துக்கு வர வேண்டும்.

அரசும் தன் கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 அக்டோபர் முதல் தடை வரும்வரை, இந்த ஆட்டங்களில் போட்ட பணத்தின் முழு மதிப்பின் மீதும் 28 சதவீதம் ஜிஎஸ்டி. ஜெயித்த தொகையில் 30 சதவீதம் வரிப் பிடித்தம். அத்தனை வரியும் வாங்கிய அரசு, ஆட்டக்காரனின் பணம் தனிக் கணக்கில் பத்திரமாக இருக்கிறதா என்று அதே அக்கறையோடு பார்த்ததா?

மகாபாரதத்தில் வைத்த பணயம் செல்லுமா என்று சபையைப் பார்த்துக் கேட்டது ஆடிய தருமன் இல்லை, பணயமாக வைக்கப்பட்ட பாஞ்சாலி. தன்னைத் தோற்ற பிறகு என்னை வைத்தாரா, அதற்கு முன்பே வைத்தாரா என்று கேட்டாள். உரிமை இல்லாதவன் வைத்த பணயம் எப்படிச் செல்லும் என்பது அதன் பொருள். கூர்மையான சட்டக் கேள்வி. பெரியவர்கள் நிறைந்த சபையால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை. தெருக்கூத்தில் அந்த இடம் வரும்போது சபையோர் தலை குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். இன்று 'அவனுக்கு வேணும்' என்று சொல்லிவிட்டுத் தலை திருப்பும் நாமும் அந்தச் சபைதான்.

செய்ய முடியாததையா கேட்கிறோம்? சூதாட்டத்தை அனுமதிக்கும் பிரிட்டனிலேயே 2019 மே மாதம் முதல் ஒரு விதி இருக்கிறது. பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றையும் சரிபார்த்த பிறகுதான் ஒருவரை ஆடவிட வேண்டும். முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்க வரும்போது நிபந்தனையாகக் கேட்கக் கூடாது. உள்ளே வரும் வாசலிலேயே காவல் என்பதுதான் அதன் சாரம். நாம் சூதையே தடை செய்துவிட்டோம், நல்லது. தடை செய்த நாட்டில் ஏமாந்தவனுக்கு இன்னும் அதிகப் பாதுகாப்பு வேண்டும், குறைவாக அல்ல. புகார் கொடுக்க வருபவன் மீது அந்தப் புகாரையே வைத்து வழக்குப் போடக் கூடாது. பணம் வாங்கிய பினாமிக் கணக்குகளை உடனே முடக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் ஐடி போடச் சொல்லும் உள்ளூர் ஏஜென்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஏமாற்று என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் குற்றம். ஏமாந்தவன் யோக்கியனாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவில் இல்லை.

அந்தத் தம்பியிடம் இரண்டு காரியம் சொன்னேன். 1930 என்ற சைபர் குற்ற எண்ணுக்குப் பேசு. பணம் போன யுபிஐ விவரம் ஒவ்வொன்றையும் எழுதிக் கொடு. அதற்கு முன்னால் அம்மாவிடம் சொல். முதலாவதற்குத் தலையாட்டினான். இரண்டாவதற்கு முகம் வெளுத்தது.

ஒரு வாரம் கழித்து அதே டீக்கடையில் பார்த்தேன். சொல்லிவிட்டானாம். அம்மா இரண்டு நாள் பேசவில்லையாம். மூன்றாம் நாள் ஷிப்ட் முடிந்து வந்து, பஞ்சு ஒட்டிய தலைமுடியைக்கூட அவிழ்க்காமல் கேட்டாராம்.

"நம்ம தெரு அக்காகிட்ட நானுந்தான் ஏலச்சீட்டுல எம் பேர்ல ஒண்ணு, உம் பேர்ல ஒண்ணு போட்டுருக்கேன். ரெண்டுக்கும் மாசாமாசம் வாங்குது. எடுக்குறப்ப ரெண்டையும் குடுக்குது. ரெண்டு பேர்ல போட்டதால காசு கெடையாதுன்னு அது சொன்னா தெருவே போயி வாசல்ல நிக்காதா? இவன் வாசல் எங்கடா இருக்கு?"

பல ஊர்களில் பல சட்டங்கள் சுற்றி வளைத்துச் சொல்வதை நூல் மில் தொழிலாளி ஒருவர் ஒரு சீட்டுக் கணக்கில் சொல்லிவிட்டார். வாசலே இல்லாதவனிடம் பணத்தைக் கொடுக்காதே என்பதும் அதில் இருக்கிறது. வாசலைக் கண்டுபிடித்துத் தெருவாகப் போய் நில் என்பதும் இருக்கிறது.

அதோடு விடவில்லையாம். எழுந்து அடுப்படிக்குப் போனவர் திரும்பி வந்து இன்னொன்றும் கேட்டாராம்.

"அவன் கெடக்கான். எம் பேர எடுத்து அதுல வைக்கிறப்ப, எங்கிட்ட ஏண்டா கேக்கல?"

அதைச் சொல்லும்போது தம்பி என் முகத்தைப் பார்க்கவில்லை.